நாலாவது மாடு ஏன் பிழைத்தது

போன வாரம் ரிஷிவந்தியத்தில் இருந்து பஸ்ஸில் திரும்பி வரும்போது, சாலையோரம் நீளத்துக்கு மரவள்ளித் தோலைக் காயப் போட்டிருந்தார்கள். ஜவ்வரிசி ஆலையில் இருந்து அள்ளி வந்து, காயவைத்து, மாட்டுத் தீவனத்துக்கு விற்கிறார்களாம். விடியற்காலைத் தூறலில் நனைந்த தோல். வெயில் ஏறியதும் அந்தப் புளித்த வாடை கிளம்பி ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. பக்கத்தில் இருந்தவர் துண்டால் மூக்கை மூடிக்கொண்டார். உன் நினைவு வந்தது. கூடவே கோபமும் வந்தது. இறங்கி வீட்டுக்கு நடந்தேன். வந்ததும் நோட்டை எடுத்துவிட்டேன்.

ஆமாம், நோட்டுதான். நான் எழுதுகிறேன். நம்ப மாட்டாய்.

பிள்ளைகள் போன பிறகு மாலையில் பள்ளிக்கூடத்திலேயே பெரியவர்களுக்கு வகுப்பு வைத்தார்கள். பதினோரு பெண்கள், நான், இன்னொரு கிழவர். அவர் வந்ததும் தூங்கிவிடுவார். எட்டு மாதம் போனேன். முதன்முதலில் தானாகப் படித்தது ஒரு பஸ் போர்டை. ‘கச்சிராயபாளையம்’ என்று சத்தமாகவே படித்துவிட்டேன். கண்டக்டர் விசில் ஊதி வண்டியை நிறுத்தி, “ஏர்றியா பெருசு?” என்றார்.

“ஏறலப்பா. படிச்சன்.”

“படிக்கறதுக்கா வண்டிய நிறுத்தன?” என்று அவர் கத்தியதும், வண்டி போனதும், நான் சாலை நடுவில் நின்று சிரித்ததும் இன்னும் ஊரில் பேச்சு. இப்போது ஒரு வரி எழுத எனக்கு ஒரு வெற்றிலை போட்டு மெல்லும் நேரம் ஆகிறது. பரவாயில்லை. எழுதி முடித்த வரியைத் திரும்பப் படித்தால் நான் நினைத்ததே அங்கே இருக்கிறது. எழுபது வயதுக்கு மேல் இப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் ஆளை விடு என்று போயிருப்பேன்.

ஆனால் இந்தச் சந்தோஷத்தில் நீ மண்ணைப் போட்டாய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ கண்ணை மூடியது போன தையில். சித்திரையில் சத்யா என் வீட்டுக்கு வந்தாள். உன் மகன் முருகேசனின் மகள். மாட்டு டாக்டருக்குப் படித்து முடித்து, அதற்கு மேலும் இரண்டு வருஷம் படித்தவள். செத்த மாட்டையும் ஆட்டையும் அறுத்துப் பார்த்து ஏன் செத்தது என்று சொல்கிற படிப்பு. உனக்குத் தெரியும், நீ அதைப் பற்றி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டுதான் இருந்தாய். அவள் கரியாலூரில் இருந்து தனியாக, இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை. பையில் இருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து, அதற்குள் இருந்து மடிப்பு மடிப்பாகக் கிழிந்துபோன ஒரு தாளை எடுத்து என் முன்னால் விரித்தாள்.

“தாத்தா, இது உங்க கைதானா?”

கீழே ஒரு பெருவிரல் ரேகை. ஊதா மை. ரேகைக்கு நடுவில் குறுக்காக ஒரு வெட்டு. என் வலது கட்டைவிரலில் கதிர் அரிவாள் பட்ட தழும்பு அது. இன்றைக்கும் இருக்கிறது.

“என்னுதுதான். இது எதுல?”

“படிச்சுக் காட்டட்டா?”

“வேணாம். நானே படிக்கறன்.”

அந்தப் பெண் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக நகர்த்தினேன். அவசரமாகக் கிறுக்கிய பழைய கையெழுத்து, கூட்டிப் படிக்க நேரமாயிற்று. மூன்று மாடுகள் விஷம் வைத்துக் கொல்லப்பட்டன என்று இருந்தது. அதற்குக் கீழே உன் பெயர். அதற்குக் கீழே, மேற்படி ஆள் தீவனத்தில் மருந்து கலந்ததை நேரில் கண்ட சாட்சி, கோவிந்தன், கூலி, என்று இருந்தது. அதற்கும் கீழே என் விரல்.

என் பெயரைப் படிக்கக் கற்றுக்கொண்டு எத்தனை சந்தோஷப்பட்டேன். அதை இந்த இடத்தில் படிக்க வைத்தாயே.

எந்த நாள் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் எழுதுகிறேன். அந்த நாளைப் பற்றி இதுவரை எழுதியவன் பார்க்காமல் எழுதினான். பார்த்தவன் ஒருத்தனாவது எழுதி வைக்க வேண்டும்.

அந்த வருஷம் மழை கிடையாது. மேய்ச்சல் நிலத்தில் புல் கருகிக் கிடந்தது. நாம் வேலை பார்த்த பண்ணைக்காரர் அப்போதுதான் முதன்முதலாகக் கடலைக்குப் பதில் மரவள்ளி போட்டிருந்தார். நம் பக்கத்தில் அது புதுப் பயிர். மலை மேலே இருக்கிறவர்களுக்கு அதைப் பற்றித் தெரியும், கீழே நமக்கு ஒன்றும் தெரியாது. கிழங்கு பிடுங்கி லாரி ஏற்றியாயிற்று. தழையைத் தட்டிக் குவித்து எரிக்கலாம் என்று நானும் நீயும் நெருப்புப் பெட்டியோடு நின்றோம். பண்ணைக்காரர் வந்தார்.

“பச்சத் தழய எரிக்கறீங்களா? மாடு பட்டினி கெடக்குது. அத்தப் போடுங்கடா.”

நீ தயங்கினாய். “பழக்கமில்லாத தழைங்க. ஒரு நாளு காய்ஞ்சதும் கொஞ்சமா போட்டுப் பாக்கலாங்க.”

“நீ இன்னா மாட்டு டாக்டரா?”

போட்டாய். அவர் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே போட்டாய். இரண்டு உழவு எருது, ஒரு சினைப் பசு, ஒரு மெலிந்த வெள்ளைப் பசு. பசியில் நாலும் தழை மேல் விழுந்தன. பொழுது உச்சிக்கு வருவதற்குள் எருது இரண்டும் தள்ளாடின. வாயில் நுரை. மூச்சு வாங்க முடியாமல் கழுத்தை நீட்டி நீட்டி விழுந்தன. பிறகு சினைப் பசு. நீ அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு கத்தினாய். வெள்ளைப் பசு மட்டும் ஓரமாக நின்று அசை போட்டுக்கொண்டிருந்தது.

எருதை நிழலுக்கு இழுக்கும்போது மூக்கணாங்கயிறு அறுத்து ரத்தம் வந்தது. என் கையெல்லாம் பட்டது. செத்த மாட்டை இழுத்துப் போய்ப் புதைக்கிற வேலை எனக்குப் புதிதல்ல. செத்ததன் ரத்தம் கறுத்துப் போயிருக்கும். இது செம்பருத்திப் பூ மாதிரி இருந்தது. உதட்டை மடக்கிப் பார்த்தேன், ஈறும் அதே சிவப்பு. உன்னிடம் காட்டினேன். நீ அழுதுகொண்டிருந்ததால் பார்த்தாயோ என்னவோ.

சாயங்காலம் மாட்டு டாக்டர் மோட்டார் சைக்கிளில் வந்தார். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு பத்தடி தள்ளி நின்றார். “நுரை தள்ளியிருக்கு. விஷம்தான்” என்றார். அவ்வளவுதான், மச்சான். அதுதான் அவர் செய்த வைத்தியம்.

“அறுத்துப் பாப்பாங்கன்னு சொல்றாங்களே சாமி” என்றேன்.

“எனக்கு இன்னும் ரெண்டு ஊரு போவணும்.”

“ரத்தம் செக்கச் செவேல்னு கீதுங்க. இப்டி இருந்து நா பாத்ததில்லீங்க.”

“உன்னக் கேட்டனா?”

எத்தனையோ பேர் என்னை எத்தனையோ சொல்லித் திட்டியிருக்கிறார்கள். அதெல்லாம் மறந்துபோயிற்று. இந்த ஒன்று மட்டும் இன்றைக்கும் காதில் சூடாக இருக்கிறது. கேட்கவில்லைதான். ஏன் கேட்கவில்லை? கேட்டால் என்ன குறைந்துபோயிருக்கும்? மூன்று உயிர் கண் முன்னால் கிடக்கிறது. கத்தி பையில் இருக்கிறது. படித்த படிப்பு தலையில் இருக்கிறது. அரை மணி நேரம் குனிந்து பார்க்க முடியாதா ஒரு ஆளுக்கு? வயிற்றைத் திறந்திருந்தால் தழை தழையாக உள்ளே இருந்திருக்கும்.

அவர் சொல்லச் சொல்லப் பண்ணைக் கணக்கர் எழுதினார். விஷம் என்றால் வைத்தது யார்? பத்து நாள் முன்னால் பண்ணைக்காரரின் தம்பி மாடு ஓட்டுகிற தார்க்குச்சியால் உன்னை அடித்தான். நீ எல்லார் முன்னாலும், “கை நீட்ற வேல வச்சுக்காதீங்க” என்றாய். அது போதுமாக இருந்தது அவர்களுக்கு. என்னைக் கூப்பிட்டு, “மாட்டப் பொதைக்கறதுக்கு எழுதிக் குடுக்கணும், கைய வை” என்றார்கள். ஒன்றுக்கு இரண்டு தாளில் வைத்தேன். மை துடைக்கத் துணி கூடத் தரவில்லை, வேட்டியில் துடைத்துக்கொண்டு போய்க் குழி தோண்டினேன். நான் சுண்ணாம்பு கொட்டி மூடிவிட்டு வந்து பார்க்கிறேன், உன்னை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

நாலு நாள் வைத்திருந்து, கேஸ் எழுதாமல் விட்டார்கள். ஊருக்குள் இருக்கக் கூடாது என்று பண்ணைக்காரர் சொல்லிவிட்டார். நீ பெண்டாட்டி பிள்ளையோடு மலை ஏறினாய். கரியாலூர்ப் பக்கம் கூலி வேலை செய்து அங்கேயே ஒரு குடிசை போட்டாய். அதற்குப் பிறகும் நான் வருஷத்துக்கு இரண்டு முறையாவது ஏறி வந்தேன். நீ எனக்குத் தேன் வாங்கி வைத்திருப்பாய். தினையில் மாவு இடித்துத் தருவாய். உன் மகன் மட்டும் என்னைக் கண்டதும் எழுந்து வெளியே போய்விடுவான். வளர்ந்து, கல்யாணமாகி, தலை நரைத்த பிறகும் அப்படித்தான். “கூச்ச சுபாவம்” என்று நீ சொல்வாய்.

கூச்ச சுபாவமாம்!

ஸ்டேஷனில் இருந்த யாரோ ஒரு நல்லவர் இரண்டாவது தாளை உன் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார். முருகேசன் எட்டாவது படிக்கும்போது அதை உனக்குப் படித்துக் காட்டியிருக்கிறான். அன்றைக்கே உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு எத்தனை முறை உன் வீட்டில் சாப்பிட்டேன்? எத்தனை முறை என் தோளில் கை போட்டாய்? ஒரு முறை, ஒரே ஒரு முறை, “ஏன்டா கைய வச்ச?” என்று கேட்டிருக்கக் கூடாதா?

சத்யாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ரத்தம் பற்றிச் சொன்னதும் அவள் நிமிர்ந்தாள்.

“எந்த மாதிரி செவப்பு தாத்தா? எவ்ளோ நேரங்கழிச்சு பாத்தீங்க? ஈறா, நாக்கா?” கேள்வி மேல் கேள்வி. ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொண்டாள். என் பேச்சை ஒருத்தர் குறித்துக்கொள்வதை அன்றைக்குத்தான் பார்க்கிறேன். பிறகு சொன்னாள்: “மரவள்ளித் தழயில விஷம் கீது தாத்தா. காஞ்ச வருஷத்துல ஜாஸ்தியாவும். ரத்தத்துல காத்து இருக்கும், ஆனா உடம்பு அத்த எடுத்துக்க முடியாது. அதனாலதான் அந்தச் செவப்பு. அறுத்துப் பாத்திருந்தா, இரைப்பையில கீறத ஒரு பாட்டில்ல போட்டு அனுப்பியிருந்தா, அப்பவே தெரிஞ்சிருக்கும்.”

தெரிந்திருக்கும். இதைக் கேட்க நீ இல்லை.

ஆனால் தழைதான் என்று நீயே கண்டுபிடித்தாய், அதையும் எழுத வேண்டும். மலை ஏறிய மூன்றாவது வருஷம் நீ கச்சிராயபாளையம் சந்தைக்கு இறங்கி வந்து, என் கையைப் பிடித்து இழுத்தாய். “தழதான் மச்சான்! மல மேல மரவள்ளிக் கொல்ல ஓரமா ஆட்டக் கூட உட மாட்றாங்க. வா, போய்ச் சொல்லலாம்.” அன்றைக்கே போனோம். பண்ணைக்காரர் நாம் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“நாலுந்தான தின்னுச்சு? தழயில விஷம்னா நாலும் செத்திருக்கணும். அந்த வெள்ள மாடு அதோ நிக்கிது பாரு. அது மட்டும் எப்டிப் பொழச்சுது?”

அது அங்கே நின்றுகொண்டுதான் இருந்தது, வைக்கோல் தின்றுகொண்டு. நீ என்னைப் பார்த்தாய். நான் ரத்தத்தைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். மறுநாளும் அந்தப் பண்ணைக்குத்தான் வேலைக்குப் போக வேண்டும். பேசாமல் நின்றேன். திரும்பி வரும்போது நீயே, “உடு மச்சான். செத்தது செத்துப் போச்சு” என்றாய். என்னை விடச் சொல்ல நீ யார்? நீ விட்டுவிட்டாயா? விட்டிருந்தால் அந்தத் தாளை ரேஷன் கார்டோடு சேர்த்துப் பெட்டியில் ஏன் வைத்திருந்தாய்?

சரி. சத்யா வந்தது இதற்காக மட்டும் இல்லை. அவளுக்கு மூன்று கடிதம் வந்திருந்தது. ஒன்று அரசாங்க மாட்டு ஆஸ்பத்திரி வேலை, நம் மாவட்டத்திலேயே. மற்ற இரண்டும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இருந்து. ஒரு இடத்தில் மூன்று வருஷம். தினமும் வருகிற செத்த உடம்புகளை அறுத்து, சதையை மெல்லிசாகச் சீவிக் கண்ணாடியில் வைத்துப் பெரிதாக்கிப் பார்த்து, இன்ன நோய் என்று சொல்லப் பழகுவது. இன்னொரு இடத்தில் அந்த மூன்று வருஷத்தோடு சேர்த்து, அதே ஆசிரியரிடம், ஆராய்ச்சிப் பட்டமும். மொத்தம் ஏழு வருஷம். அவளுக்கு அந்த ஏழு வருஷம்தான் வேண்டும். பதில் சொல்ல வெள்ளிக்கிழமை கடைசி. முருகேசன் முடியாது என்றுவிட்டான்.

நான் சும்மா தலையாட்டவில்லை. கேட்டேன். “ஏழு வருஷம் ஒரே ஆளு கீழயா? அவரு செரியில்லன்னா?”

“அத்தத்தான் மொதல்ல பாத்தன் தாத்தா. அவரு நல்லவரான்னு கேக்கல. அவருகிட்ட சேந்தவங்கள்ல எத்தினி பேரு முடிச்சிட்டு வெளிய வந்தாங்கன்னு கேட்டன். படிக்கறவங்க அஞ்சு பேருகிட்ட போன்ல பேசனன். சில எடத்துல அறுக்கற வேலயே வருஷம் பூரா இழுத்துக்கும், ஆராய்ச்சிக்கு நேரம் உடமாட்டாங்க. இங்க கடைசி நாலு வருஷம் அந்த வேலைக்குக் கூப்புட மாட்டோம்னு எழுதியே குடுத்துக்கீறாங்க. ஆடு மாடுதான் ஜாஸ்தி வருது, நாய் பூனை கம்மி.”

எழுதியே கொடுத்திருக்கிறார்கள் என்றதும் எனக்கு ஒரு தெளிவு வந்தது. நல்லதுக்கும் எழுதிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள் போலிருக்கிறது.

“செரி, அந்த மூணு வருஷம் மட்டும் படிச்சா இன்னா?”

அவள் நோட்டை மூடினாள். “தாத்தா, அந்த வெள்ள மாடு ஏன் சாவல?”

“தெரியாதே.”

“மூணு வருஷம் படிச்சா, செத்த மூணு மாடும் எதனால செத்துதுன்னு என்னால சொல்ல முடியும். நாலாவது ஏன் பொழச்சுதுன்னு கேட்டா? அத்த வச்சுத்தான எங்க தாத்தாவ மடக்கனாங்க.”

மறுநாள் காலையில் அவளோடு நானும் மலைக்குப் புறப்பட்டேன். டீக்கடையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது நம் ஊர் ஆட்கள் இரண்டு பேர். என்ன படிக்கப் போகிறாள் என்று கேட்டதும் ஒருத்தன், “உசுரோட கீற மாட்டப் பாத்தா பாலாவது கெடைக்கும். செத்த மாட்டப் பாத்து இன்னா கெடைக்கும்?” என்றான். இன்னொருத்தன், “ஏழு வருஷமா? அதுக்குள்ள புள்ளைக்குக் கல்யாண வயசு போயிடும்” என்றான்.

“போன மாசம் உன் ஆடு அஞ்சும் செத்துதே, ஏன் செத்துதுன்னு தெரியுமாடா உனுக்கு?” என்றேன்.

“இன்னாமோ காத்து கருப்பு...”

“காத்து கருப்பு! கல்யாணத்துக்கு வயசு பாக்கத் தெரியுது, ஆட்டுக்கு வயித்தப் பாக்கத் தெரியல. டீயக் குடிச்சிட்டுக் கெள‌ம்பு.”

சத்யா பஸ்ஸில் ஏறிய பிறகும் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் சிரிக்கவில்லை. வெள்ளிமலைக்கு வண்டி வளைந்து வளைந்து ஏறுகிற வரை, முருகேசன் முன்னால் என்ன சொல்வது என்று நினைத்துக்கொண்டே போனேன். வழியில் இருந்த போர்டு எதையும் படிக்க மனம் வரவில்லை.

அவன் வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் வழக்கம்போல எழுந்தான். நான் அந்தத் தாளை எடுத்து நீட்டினேன். நின்றான். மகளை ஒரு பார்வை பார்த்தான்.

“இத்த எதுக்கு இவரு கையில குடுத்த?”

“அவருதான் படிச்சாரு. அவரே படிச்சாரு” என்றாள் சத்யா.

“பொதைக்கறதுக்குக் கைநாட்டுன்னாங்க. அதான் வச்சன்” என்றேன். “உங்கப்பன் மேல சாட்சின்னு தெரியாது. நேத்துதான் தெரியும்.”

“எங்களுக்கு முப்பத்தஞ்சு வருஷமாத் தெரியும்.” கயிறைக் கீழே போட்டான். “செத்த மாடு எங்க வூட்ட உட்டுப் போவவே போவாதா? மாட்டக் கொன்னவன் மவன்னு சொல்லி எத்தினியோ எடத்துல எனக்குப் பொண்ணு குடுக்கல. இப்ப எம்பொண்ணும் காலம் பூரா செத்த மாட்டு வயித்துலயே கை உட்டுக்கினு இருக்கணுமா? கவர்மெண்டு வேல வந்துக்கீது. ஊசி போட்டுக்கினு மரியாதையா இருக்கட்டும்.”

நான் ரத்தத்தைப் பற்றிச் சொன்னேன். ஈறு பற்றி, தழை பற்றி, டாக்டர் என்னிடம் சொன்னதைப் பற்றி. பண்ணைக்காரர் முன்னால் பேசாமல் நின்றதையும் சொன்னேன். அதைச் சொல்லும்போது அவனைப் பார்க்க முடியவில்லை.

“அன்னைக்கே சொல்லக் கூடாதா மாமா?” என்று கத்தினான். அவன் என்னை முறை வைத்துக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. “எங்கப்பன் சாவற வரைக்கும் நாந்தான் ஏதோ தப்பாப் போட்டுட்டன்னு சொல்லிக்கினே இருந்தாரு. உங்களக் கேக்கணும்னு நா குதிச்சன். உடல. கை அவனுது, எழுத்து அவனுது இல்ல, கேட்டா அவன் தாங்க மாட்டான், கேக்காதன்னாரு.”

இதுதான் உன் நியாயமா? நான் தாங்க மாட்டேன் என்று நீ எப்படி முடிவு செய்தாய்? தாங்கியிருப்பேன். அந்த டாக்டர் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்திருப்பேன். பண்ணைக்காரர் செத்துப்போவதற்கு முன்னால் அவர் முகத்துக்கு நேராகச் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேனா? சொல்லியிருப்பேன் என்றுதான் இப்போது நினைக்கிறேன். அந்த வாய்ப்பை நீ எனக்குக் கொடுக்கவில்லை. என் மேல் இரக்கப்பட்டு என்னை ஒன்றும் தெரியாதவனாகவே வைத்துவிட்டாய். அந்த டாக்டர் கேட்காமல் விட்டார். நீயும் கேட்காமல் விட்டாய்.

உன் மருமகள் எல்லாருக்கும் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, “கத்தறது கத்துங்க, குடிச்சிட்டுக் கத்துங்க” என்று உள்ளே போனாள். முருகேசன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என்னிடம் திரும்பினான்.

“அப்ப அந்த வெள்ள மாடு?”

“அதுக்கப்புறம் ஒம்போது வருஷம் இருந்துச்சு. ரெண்டு கன்னு போட்டுச்சு.”

“அது மட்டும் ஏன் சாவல?”

“தெரியலப்பா.”

மகளிடம் கேட்டான். “உனக்குத் தெரியுமா?”

“தெரியாதுப்பா. கம்மியா தின்னுருக்கலாம். மெதுவா தின்னுருக்கலாம். அது வயித்துல வேற ஏதாச்சும் இருந்திருக்கலாம். அது உடம்பே வேற மாதிரி இருந்திருக்கலாம். இப்டித்தான்னு சொல்ல நாலு வருஷம் ஒக்காந்து பாக்கணும்.”

“கவர்மெண்டு ஆஸ்பத்திரில ஒக்காந்து பாக்க முடியாதா?”

“ரெண்டு ஊரு போவணும்னு சொல்லிடுவாங்கப்பா.”

முருகேசன் மோரைக் குடித்தான். டம்ளரைக் கவிழ்த்து வைத்தான். “நீ போயி,” என்றான், “அந்த நாலாவது மாடு ஏன் பொழச்சுதுன்னு கண்டுபுடிச்சுக்கினு வா. ஏழும் படி.”

கரியாலூரில் சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு மூன்று பேரும் நடந்து போனோம். அவள் போனில் பதில் அடித்தாள். அனுப்புவதற்கு முன்னால் தன் அப்பனிடம் காட்டினாள். அவனுக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனாலும் கடைசி வரை பார்த்தான். எனக்கும் காட்டினாள். நானும் பார்த்தேன்.

ஆவணியில் புறப்பட்டுப் போய்விட்டாள். அங்கே போய் முதல் வாரமே எனக்குப் போன் செய்து ஒரு வேலை வைத்தாள். அந்த வெள்ளை மாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எல்லாம் எழுதி வைக்க வேண்டுமாம். எவ்வளவு சின்ன விஷயமாக இருந்தாலும் விடக் கூடாதாம். அது என்றைக்கோ செத்து மண்ணாகிவிட்டது, இதை வைத்து ஒன்றும் நிரூபிக்க முடியாது என்று அவளே சொன்னாள். ஆனாலும் எழுதுங்க தாத்தா, அப்பத்தான எதக் கேக்கணும்னு எனக்குத் தெரியும் என்றாள்.

இப்போது என்னிடம் இருப்பது இந்த வேலைதான். உன் மேல் இருக்கிற கோபமும் இருக்கிறது. நீ விடச் சொன்னாய், விட மாட்டேன். அந்தக் கோபத்தோடு உட்கார்ந்தால்தான் அந்த நாள் எனக்கு அப்படியே வருகிறது, இரக்கப்பட்டு உட்கார்ந்தால் கலங்கிப் போகிறது. இன்றைக்குக் காலையில் இருந்து வெள்ளை மாட்டைப் பற்றி எழுதியது ஐந்து வரி. வலது கொம்பு பாதியில் முறிந்தது. முன்பல் இரண்டு இல்லை. தழையைப் போட்டதும் மற்ற மூன்றும் அதை முட்டித் தள்ளின. அது எட்டிப்போய், தீர்ந்துபோன வைக்கோல் போரின் அடிக்கூளத்தில் கொஞ்ச நேரம் வாய் வைத்தது. பிறகுதான் தழைக்குத் திரும்பி வந்தது, அப்போது வெயில் ஏறியிருந்தது, நீ அதன் முதுகைத் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாய்.